அஞ்சு வீடு, ஆறு பிள்ளைங்க, ஒரு நாப்பது பக்க நோட்டு

2021 ஜூலையிலேர்ந்து 2022 பிப்ரவரி நடு வரைக்கும் திருச்சில எங்க தெருவுல அஞ்சு வீடு சேர்ந்து ஆறு சின்னப் பிள்ளைங்களுக்கு வீட்டுலயே ப்ரீஸ்கூல் மாதிரி ஒண்ணு நடத்துனோம். எங்கள்ல யாரும் டீச்சருக்குப் படிச்சவங்க இல்ல. அதுக்கப்புறம் தெரிஞ்சவங்க நிறைய பேர் எப்படிப் பண்ணீங்க, என்னென்ன விளையாட்டு குடுத்தீங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க, நானும் ஒவ்வொருத்தருக்கும் போன்ல துண்டு துண்டா சொல்லிட்டு இருந்தேன், அதான் இப்ப நடந்ததை நடந்தபடியே, சொதப்புனதையும் சேர்த்து, ஒரே இடத்துல எழுதி வைக்கிறேன்.

அப்ப நிலைமை என்னன்னு ஞாபகம் இருக்கும். 2020 மார்ச்சுல மூடுன ஸ்கூல், பெரிய கிளாஸுக்கு 2021 ஆரம்பத்துல கொஞ்ச நாள் திறந்து மூடி, செப்டம்பர்ல திரும்பத் திறந்துச்சு, ஒண்ணாவதுலேர்ந்து எட்டாவது வரைக்கும் நவம்பர் 1-ல. எல்கேஜி யூகேஜி ப்ளே ஸ்கூல் மட்டும் 2022 பிப்ரவரி 16 வரைக்கும் திறக்கவே இல்ல. அங்கன்வாடியிலயும் பிள்ளைங்களை உக்கார வைக்கல, சத்துமாவும் அரிசி பருப்பும் வீட்டுக்குக் குடுத்து அனுப்புனாங்க. அக்டோபர்ல இல்லம் தேடிக் கல்வி, அதான் தன்னார்வலர்கள் வீட்டுப் பக்கத்துலயே பாடம் சொல்லிக்குடுக்குற அரசுத் திட்டம், வந்தப்ப எங்களுக்கெல்லாம் ஒரு சந்தோஷம், ஆனா அது ஒண்ணாவதுலேர்ந்துதான். அதாவது மூணு வயசுலேர்ந்து அஞ்சு வயசுக்குள்ள இருந்த பிள்ளைங்களுக்குக் கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் வீடும் போனும் மட்டும்தான். என் பொண்ணுக்கு அப்ப மூணே முக்கால் வயசு, வீட்டுல இருக்குற எங்களைத் தவிர வேற யாரைப் பார்த்தாலும் என் பின்னாடி வந்து ஒளிஞ்சுக்குவா. மாடி வீட்டு அக்கா பையன் நாலு வயசு, அவன் பகல்ல ஆறு மணி நேரம் போன் பார்க்குறான்னு அவங்க ஒரு நாள் படிக்கட்டுல உக்காந்து அழுதாங்க. ஆரம்பம் அந்தப் படிக்கட்டுலதான்.

எங்க வீடு, மாடி வீடு, டெய்லர் அக்கா வீடு (அவங்களுக்கு ரெண்டு பிள்ளைங்க, பெரியவன் நாலரை, சின்னவ ரெண்டே முக்கால்), பேங்க்ல வேலை பார்க்குற அக்கா வீடு, தெரு முனையில தோட்டத்தோட இருக்குற வீடு. ஒவ்வொரு நாள் ஒவ்வொரு வீட்டுல, காலைல ஒன்பதரைலேர்ந்து பதினொன்றரை வரைக்கும், திங்கள் முதல் வியாழன், மொட்டை மாடி இல்லன்னா வாசல் திண்ணை, ஏன்னா கொரோனா பயத்துல வீட்டுக்குள்ள அடைச்சு உக்கார வைக்க யாருக்கும் மனசு வரல. செலவு வீட்டுக்கு மாசம் நூறு ரூபாய்னு பேசிக்கிட்டோம், அதுவே மிஞ்சுச்சு.

முதல் மாசம் நாங்க பண்ணுன தப்பு

வாட்ஸ்அப்ல ஒரு குரூப் போட்டோம். யார் வீட்டுல என்ன ஆக்டிவிட்டி நடந்துச்சோ அதை போட்டோ எடுத்துப் போடணும், அடுத்தவங்க அதைப் பார்த்துப் பண்ணலாம், இதான் திட்டம். கேக்குறதுக்கு நல்லாத்தான் இருக்கு. முதல் வாரம் மாடி வீட்டு அக்கா பஞ்சு ஒட்டுன ஆட்டுக்குட்டி போட்டாங்க, அவ்ளோ அழகா இருந்துச்சு, அதைப் பார்த்ததும் அடுத்த நாள் என் வீட்டுல நான் ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் உக்காந்து கலர் பேப்பர்ல மீன் வெட்டுனேன். காலைல பிள்ளைங்க வந்து அதுல ஆளுக்கு ஒரு கண்ணு ஒட்டுனாங்க, ரெண்டு நிமிஷத்துல வேலை முடிஞ்சுது, மீதி ஒரு மணி அம்பத்தெட்டு நிமிஷம் என்ன பண்றதுன்னு தெரியாம திரும்ப போன்ல பாட்டு போட்டு விட்டேன். ஆனா குரூப்புக்குப் போனது மீன் போட்டோ மட்டும்தான். எல்லாரும் ஹார்ட் போட்டாங்க.

இப்படியே ஒரு மாசம். போட்டோல இருந்ததெல்லாம் அம்மாக்கள் செஞ்சது. பிள்ளை என்ன செஞ்சுச்சு, எவ்ளோ நேரம் செஞ்சுச்சு, எங்க எந்திரிச்சு ஓடுச்சு, ஒண்ணும் அதுல இல்ல. டெய்லர் அக்கா ஒரு நாள், "எம் பொண்ணுக்கு இதெல்லாம் வரமாட்டேங்குது, நான் சரியா சொல்லிக்குடுக்கலை போல"ன்னு வருத்தப்பட்டாங்க, ஆனா யார் பிள்ளைக்குமே வரல, அதை யாரும் எழுதலை அவ்ளோதான். இது சின்ன விஷயமா தெரியலாம், ஆனா இதுலேர்ந்துதான் பெரிய விபரீதம் வந்துச்சு.

கொண்டைக்கடலை

ஆகஸ்ட் மாசம், ஒரு வீட்டுல கொண்டைக்கடலை, ராஜ்மா, பட்டாணி மூணையும் கலந்து குடுத்துப் பிரிக்கச் சொல்லிருந்தாங்க, போட்டோ சூப்பரா இருந்துச்சு, மூணு கிண்ணத்துல மூணு கலர். அதைப் பார்த்து டெய்லர் அக்கா மறுநாள் அப்படியே அவங்க வீட்டுல வச்சாங்க. ஆனா முதல் வீட்டுல பண்ணுனது நாலு வயசு தாண்டுன ரெண்டு பிள்ளைங்க, பக்கத்துலயே பெரியவங்க உக்காந்திருந்தாங்க, இந்த விவரம் போட்டோல எப்படித் தெரியும். டெய்லர் அக்கா வீட்டுல அஞ்சு பிள்ளைங்க, அதுல ஒண்ணு ரெண்டே முக்கால் வயசு. அவங்க ஒரு ப்ளவுஸை எடுத்துக் குடுக்க வாசலுக்குப் போயிட்டு வந்த நேரத்துல சின்னவ ஒரு கொண்டைக்கடலையை மூக்குல விட்டுக்கிட்டா.

பயத்துல ஹேர்பின்னால எடுக்கப் பார்த்தாங்க, அது இன்னும் உள்ள போயிடுச்சு. முதல்ல போன இடத்துல காது மூக்கு டாக்டர் இல்ல, ரெண்டாவது இடத்துல காத்திருந்து, அந்த டாக்டர் நுனி வளைஞ்ச ஒரு மெல்லிசு கம்பியை மேல் பக்கமா உள்ள விட்டு, கடலைக்குப் பின்னாடி கொண்டுபோய், அப்படியே முன்னாடி இழுத்து எடுத்தாரு. ஒரு நிமிஷ வேலை. ஆனா அந்த ரெண்டு மணி நேரம் நான் ஆட்டோவுல அந்தப் பிள்ளையை மடில வச்சிருந்தது இன்னும் எனக்கு மறக்கல.

அவரு சொன்னதை எல்லா அம்மாக்களும் தெரிஞ்சுக்கணும். மூக்குல போன பொருளைக் குச்சி, பின், பட்ஸ் எதுவும் விட்டு நோண்டக்கூடாது, பின்னாடி தள்ளிவிட்டா மூச்சுக்குழாய்க்குள்ள போக வாய்ப்பிருக்கு. பருப்பு, கடலை மாதிரி சாமானா இருந்தா தண்ணி ஊத்தக்கூடாது, மூக்கு ஈரத்துலயே அது ஊறி உப்பும், தண்ணி பட்டா இன்னும் சீக்கிரம். எல்லாத்தையும் விட ஆபத்து பொம்மை, ரிமோட், வாட்ச்ல இருக்குற பட்டன் பேட்டரி, அது மூக்குலயோ தொண்டையிலயோ மாட்டுனா சில மணி நேரத்துலயே உள்ள சதையை அரிச்சுடும், அதுக்கு ஒரு நிமிஷம்கூட வீட்டுல வச்சுப் பார்த்துட்டு இருக்கக்கூடாது, நேரா ஆஸ்பத்திரிதான்.

அப்புறம் நாங்க ஒரு அளவு வச்சுக்கிட்டோம். மூணு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்க பொம்மைக்கு ஒரு குழாய் டெஸ்ட் உண்டு, அந்தக் குழாயோட வாய் ஒண்ணேகால் இன்ச் அகலம், அதுக்குள்ள முழுசா போற எந்தப் பொருளும் அந்த வயசுக்கு ஆகாது. மாடி வீட்டு அண்ணன் அட்டையில அதே அளவுல ஒரு வளையம் செஞ்சு நூல்ல கட்டி அஞ்சு வீட்டுக்கும் குடுத்தாரு. அதுல நுழைஞ்சா சின்னவ இருக்குற நாள்ல அந்தச் சாமான் வெளிய வராது. பட்டாணி, கடலை, புளியங்கொட்டை, சோழி, மணி எல்லாம் போச்சு. அதுக்குப் பதிலா வளையல், எலுமிச்சம்பழம், முழுத் தேங்காய் ஓடு, கரண்டி, பாட்டில்ல அகலமான மூடின்னு பிரிச்சு விளையாடுனாங்க, பிள்ளைங்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியல.

நோட்டு வந்த கதை

அதுக்கடுத்த ஞாயித்துக்கிழமை எல்லாரும் உக்காந்து பேசுனோம், இதை நிறுத்திடலாமான்னு. அன்னிக்கு முனை வீட்டுப் பாட்டி, அவங்க இருபது வருஷத்துக்கு மேல அங்கன்வாடியில டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவங்க, நாங்க எல்லாரும் டீச்சரம்மான்னுதான் கூப்பிடுவோம், அவங்க ஒரு கேள்வி கேட்டாங்க. "போட்டோல கிண்ணம் தெரியுது, கடலை தெரியுது, பிள்ளை எங்கம்மா?"

அப்புறம் அவங்களே சொன்னாங்க, அங்கன்வாடில இருபத்தஞ்சு பிள்ளைய வச்சுக்கிட்டு ராத்திரி பேப்பர் வெட்ட எனக்கு ஏது நேரம், சாமானைக் கொண்டுபோய் நடுவுல வச்சுட்டு யாரு என்ன பண்றாங்கன்னு பார்ப்பேன், மறுநாள் அதுலேர்ந்து ஆரம்பிப்பேன்னு. அவங்கதான் கடைக்குப் போய் ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்கிட்டு வந்தாங்க. இனிமே போட்டோ வேண்டாம், நோட்டு மட்டும் வீடு வீடா போகட்டும்னு முடிவு. அதுல எழுத வேண்டியது நாலுதான்: என்ன சாமான், எந்தெந்தப் பிள்ளை என்ன வயசு, எவ்ளோ நேரம் தாக்குப்பிடிச்சுச்சு, எங்க சொதப்புச்சு. அஞ்சாவதா ஒண்ணு நாங்களா பின்னாடி சேர்த்துக்கிட்டோம், பிள்ளை நாம சொல்லாம தானா என்ன பண்ணுச்சுங்கறது.

எனக்கு அப்புறம் படிக்கும்போதுதான் தெரிஞ்சுது, மரியா மாண்டிசோரியே முதல்ல டாக்டர்தான், 1907-ல ரோம்ல சான் லொரென்ஸோங்கற ஏழைங்க பகுதியில பிள்ளைங்களுக்கு இடம் ஆரம்பிச்சப்ப அவங்க டாக்டர் நோயாளியைப் பார்க்குற மாதிரி உக்காந்து பார்த்துக் குறிச்சுக்கிட்டதுலேர்ந்துதான் அந்த முறையே வந்துச்சு. 1939-ல அவங்க நம்ம அடையாறுக்கு வந்து பிரம்மஞான சபையில பயிற்சி குடுத்தாங்க, போர் நேரத்துல இத்தாலிக்காரங்கன்னு திரும்பிப் போக முடியாம கொடைக்கானல்லயும் இருந்தாங்க. இன்னிக்கு மாண்டிசோரின்னா விலை ஜாஸ்தியான மரச்சாமான்னு ஆயிடுச்சு, ஆனா டீச்சரம்மா அந்தப் பேரை ஒரு தடவைகூடச் சொல்லாம செஞ்சதுதான் அதோட உயிர்னு நான் நினைக்கிறேன்.

நோட்டுல நின்ன விளையாட்டுங்க

எல்லாத்துலயும் ஜாஸ்தி நேரம் தாக்குப்பிடிச்சது டபரா டம்ளர். ஒரு எவர்சில்வர் தாம்பாளத்துல டபராவும் டம்ளரும், டம்ளர்ல பாதிக்குத் துவரம்பருப்பு (இது சின்னவ இல்லாத நாள்ல மட்டும், அவ இருந்தா எல்லாருக்கும் தண்ணி). ஆத்துற மாதிரி இதுலேர்ந்து அதுக்கு ஊத்தணும், அவ்ளோதான். முதல் நாள் எல்லாம் கீழ. பேங்க் அக்கா பொண்ணு, மூணரை வயசு, நோட்டுல இருக்குற கணக்குப்படி மூணாவது நாள் 22 நிமிஷம் விடாம ஊத்துனா, ஒரு சத்தம் இல்ல, நாக்கை ஒரு ஓரமா கடிச்சுக்கிட்டு, ஒவ்வொரு தடவையும் தாம்பாளத்துல விழுந்ததை விரல் நுனியால பொறுக்கித் திரும்ப டம்ளர்ல போட்டுக்கிட்டு. நாங்க எதிர்பார்த்தது ஊத்துறது, ஆனா அவ பொறுக்குறதுலதான் லயிச்சுப் போயிட்டா. அந்த விரல் வேலைதான் பென்சில் பிடிக்குறதுக்கு முன்னாடி வேணும்னு டீச்சரம்மா சொன்னாங்க. அதுலேர்ந்து பூ கோக்குறது, துணி கிளிப் மாட்டுறது, பட்டாணி உரிக்குறது, பூண்டு உரிக்குறது எல்லாம் வரிசையா வந்துச்சு, வளையத்துல நுழையுற சாமான்னா சின்னவ இல்லாத நாள்ல மட்டும். பூண்டு உரிச்ச அன்னிக்கு பெரிய பிள்ளைங்க எல்லாரும் சேர்ந்து மத்தியானத்துக்கு ரசத்துக்குக் குடுத்தாங்க, அன்னிக்கு ரசம் சாப்பிடாத பிள்ளையே இல்ல.

அப்புறம் உப்பு மாவு. ரெண்டு கப் மைதா, ஒரு கப் தூள் உப்பு, ஒரு கப் தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா ஊத்திப் பிசையணும், கைல ஒட்டுனா இன்னும் கொஞ்சம் மைதா. கலருக்கு மஞ்சத்தூளும் பீட்ரூட் சாறும். உப்பு அவ்ளோ இருக்குறதால பிள்ளைங்க தின்னாம பார்த்துக்கணும், சின்னப் பிள்ளை ஒரு உருண்டை முழுங்குனாகூட உடம்புக்கு ஆகாது, அதனால சின்னவளுக்கு மட்டும் சப்பாத்தி மாவு.

இந்த மாவுல ஒரு விஷயம் நடந்துச்சு, எழுதியே ஆகணும். மஞ்ச மாவுல விளையாண்டு முடிச்சு டெய்லர் அக்கா பையன் குழாய்ல கை கழுவப் போனான், துணி சோப்பை எடுத்துத் தேச்சான், கை ரெண்டும் செக்கச்செவேல்னு ஆயிடுச்சு. அலறிட்டான், ரத்தம்னு நினைச்சுக்கிட்டு. எங்க அத்தை ஓடி வந்து பார்த்துட்டு, "டேய் இது ஆரத்திடா"ன்னாங்க. அவனை உக்கார வச்சு ஒரு கிண்ணத்துல மஞ்சத்தண்ணி, அதுல வெத்தலைக்குப் போடுற சுண்ணாம்பு ஒரு துளி போட்டுக் கலக்கிக் காட்டுனாங்க, சிவந்துச்சு. அப்புறம் எலுமிச்சம்பழம் பிழியச் சொன்னாங்க, திரும்ப மஞ்சள். அவன் வாயைத் திறந்தது திறந்தபடி. மஞ்சள் காரத்துல சிவக்கும், புளிப்புல திரும்பும், சோப்பும் சுண்ணாம்பும் காரம், இவ்ளோதான் விஷயம், ஆனா நாலரை வயசுல அதைத் தன் கையிலயே பார்த்த பிள்ளை ஒரு வாரம் வீட்டுல இருக்குற எல்லாத்தையும் மஞ்சத்தண்ணில போட்டுப் பார்த்தான். ஷாம்பு, புளித்தண்ணி, சோடா உப்பு, மோர். எது சிவக்கும் எது சிவக்காதுன்னு முன்கூட்டியே சொல்லவும் ஆரம்பிச்சான். பக்கத்து வேலியில சங்குப்பூ இருந்துச்சு, அந்த நீலச் சாறுல எலுமிச்சை விட்டா ஊதா ஆகும்னு அதையும் சேர்த்துக்கிட்டோம். நோட்டுல இதுக்கு மட்டும் நாலு பக்கம் இருக்கு.

கோலம் இன்னொண்ணு. மாடி வீட்டு அக்கா பையன் ஒண்ணுலேர்ந்து முப்பது வரைக்கும் மளமளன்னு சொல்லுவான், அவங்களுக்கு அதுல பெருமை. ஆனா அஞ்சு புள்ளி வைடான்னா வச்சுக்கிட்டே போவான், வாய் ஒரு வேகத்துல போகும், கை வேற வேகத்துல போகும். எண்ணைச் சொல்றதும் எண்ணுறதும் வேற வேறங்கறது எனக்கு அன்னிக்குத்தான் புரிஞ்சுது. மூணு மூணா மூணு வரிசை புள்ளி, ஒரு புள்ளிக்கு ஒரு எண்ணுன்னு வாசல்ல தினம் வச்சு வச்சு ரெண்டு மாசத்துல அவனுக்குக் கையும் வாயும் சேர்ந்துச்சு. நவம்பர்ல மழை கொட்டுச்சே, அப்ப கோலம் போட வழியில்ல, பிள்ளைங்க ரயில் பூச்சியை எண்ணுனாங்க, தொட்டா கண்ணுல கை வைக்கக்கூடாதுன்னு மட்டும் சொல்லி வச்சோம்.

எழுத்து

இதுல எங்களுக்குள்ள சண்டையே வந்துச்சு. ஸ்கூல் திறந்தா அட்மிஷன்ல கேப்பாங்க, அதனால அ ஆ இ ஈயும் ஏபிசிடியும் எழுத வைக்கணும்னு ரெண்டு வீடு, வேண்டாம்னு ரெண்டு வீடு. அக்டோபர் 15 விஜயதசமி அன்னிக்குத் தாம்பாளத்துல அரிசி பரப்பி ஒவ்வொரு பிள்ளை கையையும் பிடிச்சு அ எழுத வச்சோம். என் பொண்ணு கையை இறுக்கி மூடிக்கிட்டா, விரலை நீட்டவே மாட்டேன்னுட்டா, என் மாமனார் கொஞ்சம் அதட்டுனதும் அழுதுட்டா. நல்ல நாள்ல அழவச்சுட்டோமேன்னு எனக்கு மனசே சரியில்ல.

மறுநாள் டீச்சரம்மா அதே தாம்பாளத்துல அரிசிக்குப் பதிலா ரவை பரப்பி, ஒண்ணும் சொல்லாம அவ முன்னாடி வச்சுட்டுப் போயிட்டாங்க. கொஞ்ச நேரம் கழிச்சுப் பார்த்தா அவளா கோடு போட்டுட்டு இருக்கா, மேல இருந்து கீழ, அப்புறம் குறுக்க. டீச்சரம்மா பக்கத்துல உக்காந்து, "இது ட மாதிரி இருக்கே பாப்பா"ன்னு சொன்னாங்க. அ எழுதுறது எவ்ளோ கஷ்டம்னு யோசிச்சுப் பாருங்க, சுழிக்கணும், வளைக்கணும், கீழ வந்து திரும்பி மேல போய்க் கோடு இறக்கணும். ட-வுக்கு ரெண்டே கோடு. ட, ப, ம, யன்னு கோடா வர்ற எழுத்துல ஆரம்பிச்சா பட்டம், படம், மடம்னு வார்த்தையும் சீக்கிரம் வந்துடுது. சொல்றதுக்கு அ ஆ இ ஈ வரிசை இருக்கட்டும், கைக்கு வேற வரிசைன்னு முடிவாச்சு. நாலு வயசுக்குக் கீழ பேப்பர் பென்சில் கிடையாது, இதுல நான் உறுதியா நின்னேன், இன்னிக்கும் அதே கருத்துதான் எனக்கு.

டப்பா விளையாட்டுல தெரிஞ்சது

இதைச் சொல்லத்தான் முக்கியமா எழுத உக்காந்தேன். செப்டம்பர் கடைசியில சத்த டப்பா செஞ்சோம். ஒரே மாதிரி எட்டு பிளாஸ்டிக் டப்பா, ரெண்டுல கடுகு, ரெண்டுல அரிசி, ரெண்டுல துவரை, ரெண்டுல புளியங்கொட்டை, மூடிக்கு மேல டேப் சுத்தி ஒட்டியாச்சு. ஆட்டிக் கேட்டு ஒரே சத்தம் வர்ற ஜோடியைச் சேர்க்கணும். முனை வீட்டுத் தம்பி, டீச்சரம்மாவோட பேரன், நாலு வயசு, ஜோடி எல்லாத்தையும் சரியா சேர்த்துட்டான். போட்டோவா இருந்தா அதோட முடிஞ்சிருக்கும், நாலு ஜோடி டப்பா, எல்லாரும் ஹார்ட்.

ஆனா அன்னிக்கு முறை மாடி வீட்டு அண்ணனுது, அவரு நோட்டுல அஞ்சாவது கட்டத்துல ஒரு வரி எழுதிருந்தாரு: "மத்த பிள்ளைங்க காதுகிட்ட வச்சு ஆட்டுறாங்க, இவன் மட்டும் உள்ளங்கையில அழுத்தி ஆட்டுறான், ரெண்டு தடவை கன்னத்துல வச்சுப் பார்த்தான்." ரெண்டு நாள் கழிச்சு என் முறை வந்தப்ப அதைப் படிச்சுட்டு நானும் கவனிச்சேன், அதே மாதிரிதான். கடுகு டப்பா, அரிசி டப்பா ரெண்டையும் தரையில வச்சு நான் ஆட்டி, தொடாம எது எதுன்னு கேட்டேன், அவன் என் வாயைப் பார்த்தான், பதில் வரல. அவன் கூப்பிட்டா திரும்ப மாட்டான், டிவி சத்தத்தைக் கூட்டுவான், நாங்க எல்லாம் பிடிவாதக்காரப் பையன்னு சொல்லிட்டு இருந்தோம், அவங்க அம்மா அதுக்காக அவனை அடிச்சும் இருக்காங்க.

டீச்சரம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு ஒரு நாள் முழுக்கத் தயங்குனேன், ஏன்னா பிள்ளையைப் பத்தி இன்னொரு வீட்டுக்காரங்க குறை சொல்ற மாதிரி ஆயிடும். கடைசியில நோட்டைத்தான் குடுத்தேன். அவங்க படிச்சுட்டு ஒண்ணும் பேசல, மறுநாளே கூட்டிட்டுப் போனாங்க. காதுல ஒரு ரப்பர் முனையை வச்சுக் காத்தழுத்தம் குடுத்துப் பார்க்குற டெஸ்ட் எடுத்தாங்க, ரெண்டு காதுலயும் செவிப்பறைக்குப் பின்னாடி தண்ணி கோத்திருக்குன்னு வந்துச்சு. சளி அடிக்கடி பிடிக்குற சின்னப் பிள்ளைங்களுக்கு இது சகஜம், வலி இருக்காது, அதனால வெளிய தெரியாது, நிறைய பிள்ளைங்களுக்கு மூணு மாசத்துல தானா வடிஞ்சுடும், வடியலைன்னா அடுத்தது யோசிக்கணும், அதுவரைக்கும் முகத்துக்கு நேரா வந்து பேசுங்கன்னு டாக்டர் சொன்னாரு. ஜனவரில திரும்ப எடுத்தப்ப சரியாயிருந்துச்சு. நாங்க யாரும் டாக்டர் இல்ல, ஒண்ணையும் கண்டுபிடிக்கவும் இல்ல, பார்த்ததை எழுதி வச்சோம், அவ்ளோதான். ஆனா அந்த ஒரு வரி இல்லன்னா அவன் இன்னும் எவ்ளோ நாள் அடி வாங்கிருப்பான்னு நினைச்சா எனக்குத் தொண்டை அடைக்குது. சந்தேகம் இருந்தா காசு இல்லன்னு தள்ளிப்போடவும் வேண்டாம், இந்த மாதிரி சின்னப் பிள்ளைங்களைப் பார்க்குறதுக்குன்னே அரசாங்கத்துல மாவட்ட அளவுல மையம் இருக்கு, அங்கன்வாடில கேட்டாலே வழி சொல்லுவாங்க.

முறை வைக்குறதுல வந்த மனத்தாங்கல்

பேங்க் அக்காவால வார நாள்ல ஒரு நாள்கூட நிக்க முடியல. அவங்க பொண்ணு மட்டும் தினம் வருது, அவங்க முறை வர்றதே இல்லன்னு ஒரு பேச்சு கிளம்பி, அது அவங்க காதுக்குப் போய், ஒரு வாரம் பிள்ளையை அனுப்பவே இல்ல. நான் போய்ப் பேசுனேன். "நான் வேலைக்குப் போறேன்னுதான எல்லாரும் சொல்றீங்க, சும்மாவா போறேன்"னு கண் கலங்கிட்டாங்க. அப்புறம் அவங்களே ஒரு வழி சொன்னாங்க, ஞாயித்துக்கிழமை உக்காந்து அடுத்த வாரத்துக்கு வேணுங்கற சாமானை நாலு துணிப்பையில போட்டு, நோட்டுல எழுதி, வீட்டுக்கு ஒண்ணா குடுத்துடுறேன்னு. அது எவ்ளோ பெரிய உதவின்னு அப்புறம்தான் தெரிஞ்சுது, காலைல எந்திரிச்சு இன்னிக்கு என்னத்தைக் குடுக்குறதுன்னு மண்டையை உடைக்குற வேலை எல்லாருக்கும் போச்சு. வேலைக்குப் போற அம்மாக்கள் இருக்குற குரூப்புல முதல் நாள்லயே இதைப் பேசி வச்சுக்குங்க, நிக்குறது மட்டும்தான் பங்குன்னு வைக்காதீங்க.

வியாழக்கிழமை முனை வீட்டுத் தாத்தா எடுத்துக்கிட்டாரு, தோட்டத்துல வெந்தயம் போட்டாங்க, தண்ணி ஊத்துனாங்க, எறும்புக்குச் சர்க்கரை வச்சாங்க. அவரு நோட்டுல எழுத மாட்டாரு, பிள்ளைங்ககிட்டயே சொல்லச் சொல்லி யாராவது ஒரு அம்மாவை எழுதச் சொல்லுவாரு. அந்தப் பக்கங்கள்தான் படிக்க ஆசையா இருக்கும்.

ஆரம்பிக்கப் போறவங்களுக்கு எங்க அனுபவத்துல சொல்லணும்னா, மூணு பிள்ளைக்கு ஒரு பெரியவங்க வேணும், அஞ்சுக்கு ஒருத்தர்னு நாங்க விட்டதாலதான் கொண்டைக்கடலை நடந்துச்சு. ஒரு நாளைக்கு ரெண்டு சாமான் போதும். ரெண்டு மணி நேரத்துல ஒரு மணி நேரம் சும்மா ஓடி விளையாட விட்டுடணும், கண்ணாமூச்சி, பருப்பு கடையுறது, கல்லு மண்ணுன்னு. நிக்காத விளையாட்டை இழுத்துப் பிடிக்க வேண்டாம், எடுத்து வச்சுட்டு ஒரு மாசம் கழிச்சுக் குடுத்தா அதே பிள்ளை அதே சாமானோட அரை மணி நேரம் இருக்கும், எங்க நோட்டுல அப்படி ஏழு எட்டு இடம் இருக்கு.

பிப்ரவரி 16 ஸ்கூல் திறந்ததும் நாலு பிள்ளைங்க போயிட்டாங்க, அப்புறம் சனிக்கிழமை மட்டும் கொஞ்ச நாள் சேர்ந்தோம், அதுவும் மெல்ல நின்னுபோச்சு. என் பொண்ணு முதல் நாள் அழாம போனா, பேங்க் அக்கா பொண்ணு கையைப் பிடிச்சுக்கிட்டு.

நோட்டுல கடைசி மூணு பக்கம் காலியா இருந்துச்சு. மாடி வீட்டு அக்காவுக்கு அப்புறம் ஒரு பொண்ணு பிறந்து இப்ப அதுக்கும் மூணு ஆகப்போகுது, போன மாசம் வந்து நோட்டை வாங்கிட்டுப் போனாங்க. நேத்து மாடிக்குப் போனப்ப எடுத்துப் பார்த்தேன், புது மையில ஒரு பதிவு இருந்துச்சு: "டபரா டம்ளர், தண்ணி. ரெண்டு வயசு பத்து மாசம். நாலு நிமிஷம். தரையெல்லாம் ஈரம். ரெண்டாவது தடவை ஊத்துறதுக்கு முன்னாடி அவளே போய் மிதியடித் துணியை இழுத்துட்டு வந்து தாம்பாளத்துக்கு அடியில போட்டுக்கிட்டா."